சிரட்டைக்குள் நெளிந்தது

சுலைகா பீவி தினமும் காலையில் தன் பிள்ளையின் மலத்தைக் கிளறிப் பார்ப்பாள். யாருக்கும் தெரியாமல்தான் பார்ப்பாள். குளச்சலில் அவர்கள் வீட்டுப் பின்புறம், கிணற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு தென்னை மூட்டில் பிள்ளையைத் தன் கால்களுக்கு நடுவே இருத்துவாள். அவன் போய் முடித்ததும் ஓர் ஈர்க்கிலை ஒடித்து மெல்லக் கிளறுவாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அன்றைக்கு அவளால் அடுப்புப் பற்றவைக்க முடியும்.

இதற்குக் காரணம் மூத்தவள். ஜொஹரா இரண்டரை வயதில் போய்விட்டாள். அவள் வயிற்றில் நாக்குப்பூச்சி இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஒரு சாண் நீளத்தில், வெளிறிய சிவப்பில், வாய் வழியாகவே ஒன்று வந்து சுலைகாவின் உள்ளங்கையில் விழுந்து சுருண்டது. கணவன் கொழும்பில் கருவாட்டு மண்டியில் இருந்தான். அவனுடைய அண்ணன் நஜ்முதீன்தான் சந்தைக்கு ஓடி, அங்கே கடை விரித்திருந்த மருந்துக்காரனிடம் பூச்சியெண்ணெய் வாங்கிவந்தார். குப்பியைத் திறந்தபோதே மூக்கைத் துளைக்கிற நாற்றம். காலையில் ஒரு கரண்டி கொடுத்தார்கள். பூச்சி விழவில்லை. மத்தியானம் இன்னொரு கரண்டி. சாயங்காலத்துக்குள் பிள்ளையின் கண் சொருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

பூச்சிதான் கொன்றது, மருந்தைப் பிந்திக் கொடுத்துவிட்டோம் என்று நஜ்முதீன் நம்பினார். எண்ணெய்தான் கொன்றது என்று சுலைகா நம்பினாள். இரண்டு பேரும் அதை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு வருஷமாக அந்த இரண்டு எண்ணங்களையும் தனித்தனியாகச் சுமந்தார்கள்.

அதன் பிறகு பிறந்தவன்தான் ஹனீபா. இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது, மாசி மாதம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சர்க்கார் சுகாதார இலாகாக்காரர்கள் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்து வெளியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்துப் படம் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெண்கள் ஓலை மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். கொக்கிப்புழுவின் வாய் வீட்டு வாசற்கதவு அகலத்துக்குத் துணியில் திறந்து நின்றது. உள்ளே பல். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சுலைகா பிள்ளையின் முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த மாசி மாதத்துக் காலை ஒன்றில், ஈர்க்கிலின் நுனியில் கறுப்பாக ஒன்று தொற்றிக்கொண்டு வந்தது.

நூல்போல இருந்தது. விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. இன்னொன்று இருந்தது. அப்புறம் பார்த்தால் ஏழெட்டு இருந்தன. அவள் ஒரு சிரட்டையில் அதை வாரி, வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் விட்டாள். நூல்கள் பிரிந்து மிதந்தன. ஒன்று வளைந்தது, மெல்ல நிமிர்ந்தது, மறுபடியும் வளைந்தது.

அவளுக்குக் கத்த வரவில்லை. தன் கை நடுங்குவதால்தான் தண்ணீர் ஆடுகிறது, தண்ணீர் ஆடுவதால்தான் நூல் ஆடுகிறது என்பதை நினைத்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி மார்போடு இறுக்கினாள். அவன் அவளுடைய காதிலிருந்த அலுக்கத்தைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

"என்னது அங்க?"

நஜ்முதீன் கிணற்றடிக்கு முகம் கழுவ வந்திருந்தார். அவள் பதில் சொல்லுமுன் அவர் கண் சிரட்டையில் விழுந்தது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் ஜொஹராவின் ஜனாஸாவைத் தூக்கியபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"பூச்சியாக்கும்," என்றார். "எத்தன நாளாட்டு இருக்கு?"

"இன்னைக்கிதான் மச்சான். நேத்து இல்ல. நான் தெனமும் பாப்பேன்."

"இந்தத் தடவ பிந்தப்பிடாது. வைகுந்நேரம் வரச்சில எண்ண வாங்கிட்டு வாறேன். ராத்திரி சோத்துக்கு மின்ன குடுத்திரணும்."

"மச்சான், எண்ண வேண்டாம்."

அவள் அப்படி அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"பின்ன எதைக் குடுக்க? அன்னைக்கி ரெண்டு நாளு பாத்துட்டு இருந்தோம். பாத்துட்டு இருந்ததுல போயிட்டா. இன்னும் ஒண்ணையும் அப்படி விடச் சொல்லுதியா, சுலைகா?"

முகம் கழுவாமலே திரும்பிப் போனார். அவருக்குக் கடற்கரையில் வலைக்கயிற்றுக் கடை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்துதான் வீட்டுக்கு வருவார்.

சுலைகா சிரட்டையின் மேல் இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்து, துணியால் கட்டினாள். நஜ்முதீனின் மனைவி ஹலீமா அடுக்களையில் ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஹனீபா அவள் மடியில்தான் பாதி நாள் வளர்ந்தான்.

"ராத்தா, நான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றாள் சுலைகா.

"ஒத்தைக்கா? அவிய அறிஞ்சா?"

"அறியட்டும்."

தெருமுனையில் நின்ற வண்டிக்காரன் செல்வனின் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தான் செய்வது உறைத்தது. தனியாக அவள் ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பயம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. வழி நெடுக ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் சிரட்டையையும் பிடித்திருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே அவை நெளிவது விரல்களுக்குத் தெரிவதுபோலிருந்தது.

ஆஸ்பத்திரியில் மலம் சோதிக்கிற அறை கடைசியில் இருந்தது. சன்னலோரம் மேசையில் ஒரு மைக்ராஸ்கோப். அதன் முன்னால் வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸ் இருந்தாள், பெயர் ஜெபகுமாரி. சுலைகாவின் வயதுதான் இருக்கும்.

"எப்ப உள்ளது?" என்று கேட்டாள், கட்டை அவிழ்த்துக்கொண்டே.

"இன்னைக்கி காலத்த, நர்சம்மா."

"மண்ணுலயா விழுந்தது?"

"மண்ணுலதான்."

"மண்ணுல கிடக்கிற பூச்சியும் இதுல ஏறிரும். அதாக்கும் கேட்டேன்." சிரட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். "கண்ணுக்குப் பாத்தா பூச்சி மாதிரிதான் இருக்கு, மக்கா."

சுலைகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபகுமாரி ஒரு நூலை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு, மேலே மெல்லிய சில்லைக் கவிழ்த்தாள். மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்த சிறிய ஆடியை வெயில் பக்கம் திருப்பினாள். ஒரு கண்ணை வைத்து, பக்கத்துத் திருகை மெல்ல மெல்லத் திருப்பினாள். சுலைகா அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டிலிருந்து வரப்போகிற சொல்லில்தான் பிள்ளையின் உயிர் இருந்தது. உதடு ஏதோ சொல்லக் குவிந்தது, சொல்லாமல் நின்றது. சில்லை நகர்த்தினாள். மறுபடியும் பார்த்தாள்.

"சொல்லுங்கோ நர்சம்மா."

"எனக்கு விளங்கல்ல," என்றாள் ஜெபகுமாரி. "பூச்சின்னா தலை எது வால் எதுன்னு இருக்கணும். உள்ள ஒரு குடல் ஓடணும். இதுல ரெண்டு நுனியும் பிச்சுப் போட்டது மாதிரி இருக்கு. உள்ள சுருள் சுருளா என்னமோ கிடக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா பக்கத்துல முட்டை மாதிரி கொஞ்சம் கிடக்கே. நிறையக் கிடக்கு."

முட்டை. சுலைகாவுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. ஏழெட்டுப் பூச்சி இல்லை. இனி வரப்போகிறவை ஆயிரம். தன் இடுப்பில் இருக்கிற இந்தச் சின்ன வயிற்றுக்குள் அவையெல்லாம் பொரிக்கக் காத்துக்கிடக்கின்றன. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபகுமாரி எழுந்துபோய் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள். டாக்டர் ரத்தினம் உயரமான, அவசரமில்லாத பெண்மணி. வந்ததும் நோயாளியைப் பார்க்கவில்லை. நின்றபடியே குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

"ஒரு சொட்டு ஐயோடின் விடு."

ஜெபகுமாரி சில்லின் ஓரத்தில் பழுப்பு மருந்து ஒரு சொட்டு விட்டாள். அது சில்லுக்கு அடியில் பரவிப் போனது. டாக்டரம்மா பார்த்தாள், விலகி ஜெபகுமாரிக்கு இடம் கொடுத்தாள்.

"நீலமாயிட்டு!" என்றாள் ஜெபகுமாரி. "எல்லாம் நீலமாயிட்டு."

"மாவு. முட்டைன்னா மஞ்சளாட்டு நிக்கும், நீலம் பிடிக்காது," என்ற டாக்டரம்மா சுலைகாவின் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக்கு மட்டிப்பழம் குடுப்பியா?"

"குடுப்பேன். தெனமும் ரெண்டு. பிசைஞ்சு குடுப்பேன்."

"பழத்துக்கு நடுவுல ஒரு நாரு ஓடும். அது வயித்துல செமிக்காம கறுத்து வெளிய வரும். அதுவாத்தான் இருக்கணும்."

சுலைகா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கணும்னா? அதுதான்னு சொல்ல மாட்டியளா?"

டாக்டரம்மா ஜெபகுமாரியை விலகச் சொன்னாள். "வா, நீயே பாரு," என்றாள்.

சுலைகா துப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு கண்ணை வைத்தாள். வைத்த உடனே அலறிப் பின்வாங்கினாள். கறுப்பாக, வளைந்த கொம்புகள் வரிசையாக அவளை நோக்கி அசைந்தன.

"அது உன் கண்ணிமை முடியாக்கும்," என்றாள் ஜெபகுமாரி. "எனக்கும் முதல்ல அப்படித்தான் தெரிஞ்சுது. கண்ணைக் கொட்டாத."

இரண்டாம் தடவை தெரிந்தது. வெளிச்சமான ஒரு வட்டம். அதற்குள் நூல் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிய நீளமான குழல்கள். குழல்களுக்குள் கம்பிச் சுருள்போல நெருக்கமான வளையங்கள். சுற்றிலும் நீல முத்துகள் சிதறிக் கிடந்தன. எதுவும் அசையவில்லை.

பிறகு ஜெபகுமாரி இன்னொரு சில்லை வைத்தாள். வார்டில் கிடந்த வேறு யாரோ ஒருவருடையது. சுலைகா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டத்துக்குள் கண்ணாடிபோன்ற ஒரு சின்ன உடல் தன்னைத்தானே சாட்டைபோல் சுழற்றிக்கொண்டது. அவள் கையால் வாயைப் பொத்தினாள்.

"அதாக்கும் பூச்சி," என்றாள் டாக்டரம்மா. "வித்தியாசம் பாத்தியா? ஆனா ஒரு தடவ பாத்துட்டு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னைக்கே பழத்த நிறுத்து. பழச் சாறுகூட வேண்டாம். வெள்ளிக்கிழமை மறுபடியும் கொண்டு வா. பழம் நிறுத்தியும் இந்த நூல் வந்தா, அது பழமில்லன்னு அர்த்தம். அப்ப என்ன செய்யணுமோ செய்வோம். அதுவரைக்கும் ஒரு சொட்டு பூச்சியெண்ணெய் பிள்ளைக்கு உள்ள போகப்பிடாது."

சொல்லிக்கொண்டே சுலைகாவின் கண்ணடியை விரலால் தாழ்த்திப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குமா?"

"அடிக்கும். பயத்துல எப்பவும் அடிக்கும்."

"பயம் மட்டும் இல்ல போல. வெள்ளிக்கிழமை உன்னோடதும் கொண்டு வா."

அதைச் சுலைகா காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நஜ்முதீன் அவளுக்கு முன்னால் வந்திருந்தார். நடுவறை மாடத்தில் குப்பி இருந்தது. அதன் நெடி அறை முழுதும் நின்றது. சுலைகாவுக்கு ஜொஹராவின் வாயோரத்து நுரை கண் முன்னால் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்: சில்லு, நீலம், நார், வெள்ளிக்கிழமை.

"வாழப்பழமா?" என்றார் நஜ்முதீன். "என் கண்ணால நெளியறதப் பாத்தேன்."

"நானும் பாத்தேன் மச்சான். வெள்ளம் ஆடிச்சு."

"டாக்டரம்மா உறப்பாட்டு சொன்னாவளா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல. வெள்ளிக்கிழமை வரை பாக்கணும்னு சொன்னாவ."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தம்பிக்கு நான் என்ன பதிலு சொல்ல? மூத்ததுக்கே நான் அவன் முகத்தப் பாத்துப் பேசல்ல." குரல் உடைந்தது. ஹலீமா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வெள்ளி வரைக்கும் குடுங்கோ மச்சான். அதுக்குப் பொறவு நீங்க சொல்லுறது."

அவர் தலையசைத்தார். ஆனால் குப்பியை மாடத்திலிருந்து எடுக்கவில்லை.

அதன் பிறகு சுலைகா தூங்கியதாக அவளுக்கு நினைவில்லை. பிள்ளை முனகினால் அவன் வயிற்றில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ ஊர்கிற சத்தம். எல்லார் வயிற்றிலும் கேட்கிற சத்தம்தான். ஆனால் அவள் அதுவரை யார் வயிற்றிலும் காதை வைத்ததில்லை. பழத்துக்காக அவன் அழுதான். அரிசிக்கஞ்சியைத் துப்பினான். உடம்பு கொஞ்சம் சுட்டது. பல் முளைக்கிற சூடு என்றாள் ஹலீமா. ஜொஹராவுக்கும் முதலில் உடம்பு சுட்டது என்று சுலைகா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மலத்தில் நூல் குறைந்தது. அடுத்த நாள் ஒன்றிரண்டுதான். அதற்கடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. அவள் ஈர்க்கிலைக் கீழே போட்டுவிட்டுத் தென்னையில் சாய்ந்து முதல் தடவையாக அழுதாள். நஜ்முதீனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் தளர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நூல்கள் திரும்பி வந்திருந்தன.

முன்னைவிட அதிகம். முன்னைவிடக் கறுப்பு. சுலைகா சிரட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். பழம் நிறுத்தியும் நூல் வந்தால் அது பழமில்லை. டாக்டரம்மாவின் சொல் அதுதான். அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் பிள்ளையைப் பூச்சிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறாள். தன் பயத்தினால் கொடுத்திருக்கிறாள். எண்ணெய்க்குப் பயந்து.

நஜ்முதீன் பின்னால் வந்து நின்று பார்த்தார். உள்ளே போய்க் குப்பியையும் கரண்டியையும் எடுத்துவந்தார். மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் எண்ணெய் அவர் விரலில் வழிந்தது.

"பிடிச்சுக்கோ," என்றார்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல எந்த நியாயமும் அவளிடம் மிச்சமில்லை. தூணோரம் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாத்தி, அவன் கைகளைத் தன் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கையால் அவன் கன்னங்களை அழுத்தினாள். வாய் திறந்தது. கீழே இரண்டு பல் அரிசிமணிபோல் எட்டிப்பார்த்தன. கரண்டி கிட்டே வந்தது. நெடி அடித்ததும் பிள்ளை முகத்தைத் திருப்பி வீறிட்டான். "குடுங்கோ மச்சான், சீக்கிரம் குடுங்கோ," என்று தன் குரலையே அவள் கேட்டாள்.

"குடுக்காதீங்கோ!"

ஹலீமா அடுக்களை வாசலிலிருந்து ஓடிவந்தாள். வந்தவள் கணவனின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். கரண்டி தூணில் பட்டு உருண்டது.

"நான் குடுத்தேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "நேத்து வைகுந்நேரம் இவ தொழுதிட்டு இருந்தா. இவன் பழக்குலையப் பாத்துக் கையக் கையக் காட்டி அழுதான். பட்டினி கிடந்த பிள்ள. ஒரு பழம்தானேன்னு குடுத்தேன். ரெண்டு குடுத்தேன். அல்லா என்ன மன்னிக்கணும்."

எண்ணெய் தூணிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நஜ்முதீன் மனைவியை அடிக்கப்போகிறார் என்று சுலைகா நினைத்தாள். ஆனால் அவர் அடிக்கவில்லை. தூணுக்கு அடியில் உட்கார்ந்து, எண்ணெய் வழிந்த கையைத் தன்னிலிருந்து தள்ளி நீட்டிவைத்துக்கொண்டு, அதையே பார்த்தார்.

"வண்டிக்கு ஆள் விடு," என்றார் கடைசியில். "நானும் வாறேன். நானே அந்தக் கண்ணாடியில பாக்கணும்."

அவர் பார்த்தார். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஜெபகுமாரி காட்டியபடி ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார். பழத்து நாரைப் பார்த்தார். பிறகு, அவராகக் கேட்டு, உண்மையான பூச்சியையும் பார்த்தார். அதன் பிறகு மறுபடியும் நாரைப் பார்த்தார். டாக்டரம்மா மேசையிலேயே ஒரு மட்டிப்பழத்தை உரித்து, நடுவிலிருந்து ஒரு நாரை ஊசியால் பிரித்தெடுத்து மூன்றாவது சில்லில் வைத்துக் காட்டினாள். அதே குழல்கள், அதே சுருள். கறுப்பு மட்டும்தான் இல்லை.

"பிள்ளைக்குப் பூச்சி இல்ல," என்றாள். "இப்ப உறுதியாச் சொல்லுதேன். ரெண்டு தடவையும் முட்டையைத் தேடியாச்சு. ஒண்ணுமில்ல."

நஜ்முதீன் கொண்டுவந்திருந்த குப்பியை அவளிடம் நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, எவ்வளவு கொடுக்கவிருந்தார் என்று கேட்டாள்.

"ஒரு கரண்டி."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வயசுக்கு இதுல ஒரு கரண்டியில பத்துல ஒரு பங்குகூட அதிகம்," என்று மெல்லச் சொன்னாள்.

அந்த அறையில் ஜொஹராவும் இருப்பதுபோல் சுலைகாவுக்குத் தோன்றியது. நஜ்முதீன் கேட்கப்போகிற கேள்வி அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"மின்ன ஒரு பெண்பிள்ள இருந்துது," என்றார். "அதுக்கு ரெண்டு கரண்டி குடுத்தோம். அதுக்கு மெய்யாட்டே பூச்சி இருந்துது. பூச்சியினாலயா, இல்ல..."

டாக்டரம்மா சுலைகாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நான் அந்தப் பிள்ளையப் பாக்கல்ல," என்றாள். "பாக்காம சொல்ல மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை, உண்மையையும் வற்புறுத்தவில்லை. நஜ்முதீன் புரிந்துகொண்டார். சன்னல் பக்கம் திரும்பி நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு வருஷமாகத் தான் நினைத்ததுதான் சரி என்று சுலைகாவுக்கு அப்போது தெரிந்தது. ஆனால் அந்த முதுகு குலுங்குவதைப் பார்த்தபோது, தான் சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இல்லை. "மச்சான்," என்றாள். "நான்தான் அன்னைக்கி பிள்ளயப் பிடிச்சுக்கிட்டேன். இன்னைக்கும் நான்தான் பிடிச்சேன். உங்க ஒருத்தருக்க குத்தம் இல்ல இது." அவர் திரும்பவில்லை. ஆனால் கேட்டார் என்பது தெரிந்தது.

புறப்படும்போது ஜெபகுமாரி வாசலை மறித்தாள். "உன்னோடது எங்க? டாக்டரம்மா சொன்னாவல்லா?"

சுலைகாவுக்கு வெட்கமாக இருந்தது. நர்ஸ் விடவில்லை. ஒரு தகர டப்பாவைக் கொடுத்துப் பின்பக்கம் அனுப்பினாள். அரை மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இந்தத் தடவை சந்தேகம் இல்லை.

"கொக்கிப்புழு முட்டை. பாக்கிற இடமெல்லாம் கிடக்கு, பிள்ளே. ஐயோடின் விட்டும் பாத்தாச்சு, நீலமாகல்ல. உள்ள நாலு கட்டியா, மேல ஓடு தெளிவா."

வெள்ளைத் துணியில் திறந்து நின்ற அந்த வாய் சுலைகாவின் கண் முன்னால் வந்தது. பிள்ளையின் வயிற்றில் அவள் தேடித் தேடிப் பார்த்தது தன் வயிற்றில் இருந்திருக்கிறது. செருப்பில்லாத காலோடு தினமும் போய் நின்ற, வீட்டார் எல்லாரும் ஒதுங்குகிற அந்தத் தென்னை மூட்டு மண்ணிலிருந்துதான் தோல் வழியாக ஏறியிருக்கும் என்றாள் டாக்டரம்மா. படி ஏறினால் மூச்சு வாங்குவதும், கண் இருட்டுவதும், நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதனால்தான். ரத்தம் பாதிதான் இருக்கிறது. மருந்து குடித்தால் தீர்ந்துவிடும்.

"என்ன மருந்து?" என்று கேட்டாள் சுலைகா.

டாக்டரம்மா அலமாரியைத் திறந்தாள். குப்பியின் மூடி கழன்றதும் அந்த நெடி வந்தது.

சுலைகா எழுந்து கதவுவரை போய்விட்டாள். "நான் குடிக்க மாட்டேன். நான் செத்தா இவனுக்கு யாரு?"

"குடிக்காட்டி இன்னும் ரெண்டு வருஷத்துல இவனுக்கு யாருன்னுதான் நான் கேக்கேன்," என்றாள் டாக்டரம்மா. "பாரு. இது உனக்கு உள்ள அளவு." ஒரு கண்ணாடிக் குழலில் எண்ணெயை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சர்க்கரைத் தூளில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கரண்டியின் அடியைக்கூட அது நனைக்கவில்லை. "பொறவு பேதியுப்பு குடுத்து எல்லாத்தையும் வெளிய எடுத்திருவோம். சாயங்காலம்வரை நீ இந்தக் கட்டில்ல. ஜெபகுமாரி உன் நாடியைப் பிடிச்சிட்டே இருப்பா. இன்னைக்கி பிள்ளைக்குப் பாலு குடுக்காத."

நஜ்முதீன் வாசலில் நின்றார். குடி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையை நீட்டினார். சுலைகா பிள்ளையை அவரிடம் கொடுத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விழுங்கினாள்.

அந்தப் பகல் மிக நீண்ட பகல். தலை சுற்றியது. காதுக்குள் வண்டுகள் இரைந்தன. ஒரு தடவை கை விரல்கள் தானாக ஆடுவதுபோல் இருந்தபோது, இதோ வலிப்பு வரப்போகிறது என்று அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஜெபகுமாரி அவள் மணிக்கட்டை விடவில்லை. "பயத்துல ஆடுது. மருந்துல இல்ல. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே வராந்தாவில் நஜ்முதீன் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். அவருடைய செருப்புச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் கேட்டதும் படுத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வண்டியில் ஏறும்போது கால் தள்ளாடியது. ஆனால் அவள் உயிரோடு இருந்தாள்; அதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

மருந்தை இன்னும் இரண்டு தடவை குடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே அளவுக்குப் பயந்தாள். ஆனாலும் போனாள். இரும்பு மருந்தும் முருங்கைக்கீரையுமாக, ஆனி மாதத்துச் சாரலில் அவள் முகத்தில் நிறம் திரும்பியது. கிணற்றில் ஒரு வாளி இறைத்துவிட்டு மூச்சுக்காக நிற்க வேண்டியிருக்கவில்லை. நஜ்முதீன் அவளுக்கு ஒரு ஜோடி மிதியடி வாங்கிவந்து பின்வாசலில் வைத்தார்.

ஹனீபாவின் மலத்தைக் கிளறிப் பார்ப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நெஞ்சு அடிப்பு குறைந்துவிட்டது, பயம் குறையவில்லை. அவன் ஓடி விளையாடுகிற வயது வந்த பிறகும், அவன் வெட்கப்பட்டு அவளை விரட்டுகிறவரைக்கும், அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.